ரிம்மில் அந்த மேடு இருக்கிறதா, இல்லையா?

மைனர்காரன்:
"டியூப்பை உருவிப் போட்டுவிட்டு ஒரு வால்வைச் சொருகினால் போதும், எந்தப் பழைய காரும் டியூப்லெஸ் ஆகிவிடும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எல்லோரும் டயரைத்தான் பார்க்கிறார்கள், ரிம்மை யாரும் பார்ப்பதில்லை. டியூப்லெஸுக்கென்று செய்த ரிம்மில், டயர் விளிம்பு உட்காரும் இடத்துக்குச் சற்று உள்ளே சுற்றிலும் ஒரு சின்ன மேடு ஓடும். காற்று குறைந்திருக்கும்போது வளைவில் திரும்பினால், விளிம்பு நழுவி ரிம்மின் நடுப்பள்ளத்தில் விழாமல் தடுப்பது அதுதான். என் 1959 மாரிஸ் மைனர் காரின் ரிம்மைக் கழற்றி வைத்து, இரண்டு விரலால் முழுச் சுற்றும் தடவிப் பார்த்தேன். வழவழவென்று போகிறது, எங்கும் தட்டவில்லை. இதில் டியூப் இல்லாமல் ஓட்டி விளிம்பு நழுவினால், மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். விவரம் தெரியாத யாராவது நேற்றையதைப் படித்துவிட்டுச் செய்துவிடப் போகிறார்கள்.

நட்டுபோல்ட்:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே எழுதியிருக்கலாம். எட்டு வருடமாக மேடு இல்லாத ரிம்மில் டியூப் இல்லாமல் ஓட்டுகிறேன், ஒரு முறைகூட நழுவியதில்லை. விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடிப்பது காற்று, மேடு அல்ல. ஆணி ஏறினால் டியூப் போட்ட டயர் பட்டென்று உட்கார்ந்துவிடும். டியூப்லெஸ் அந்த ஆணியைக் கவ்விக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும். அதைப் பற்றி ஒரு வரி எழுத மனம் வரவில்லை உங்களுக்கு.

மைனர்காரன்:
மெதுவாக இறங்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள். இறங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் வளைவு வந்தால் விளிம்பை எது பிடிக்கும்? காற்று சரியாக இருக்கும் நாளில் மேடு தேவையே இல்லை. காற்று குறையும் நாளுக்காகத்தான் அதை வைத்தார்கள். புது ரிம்மில் அளவோடு சேர்த்து எச்2 என்று அச்சடித்திருக்கும், இரண்டு பக்கமும் மேடு உண்டு என்று பொருள். உங்கள் ரிம்மில் அது இருக்கிறதா?

நட்டுபோல்ட்:
குட்ரிச் என்ற அமெரிக்க டயர் நிறுவனத்துக்கு டியூப்லெஸ் காப்புரிமை கிடைத்தது 1952. 1955 வாக்கில் அமெரிக்கப் புதுக் கார்கள் அந்த டயரோடுதான் வந்தன. அன்றைக்கு எல்லா ரிம்மிலும் இந்த எச்2 இருந்ததா? நீங்கள் பதில் சொல்லுங்கள் முதலில்.

பொறுமைசாலி:
இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். டியூப்லெஸ் டயரை வாங்கி உள்ளே டியூப் போடுகிறவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான். முதல் தடவை போட்டபோது நான்கே மாதத்தில் இரண்டு பஞ்சர், வெளியே ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. பிரித்தால் உள்ளே கறுப்புத் தூள் கொட்டியது. டயரின் உட்சுவரில் தயாரிப்பாளர் ஒட்டிய காகித லேபிளை யாரும் உரிக்கவில்லை. அதன் ஓரம் டியூப்பைத் தேய்த்துத் தேய்த்துத் தீப்பெட்டி அளவுக்குப் பளபளவென்று மெலிதாக்கி வைத்திருந்தது. ரேடியல் டயரின் (உள் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் வகை) பக்கச்சுவர் நன்றாக அசைந்து கொடுக்கும், அதனால் உரசலும் அதிகம். ரேடியலுக்கான டியூப்பை, அளவு பார்த்து, பவுடர் தூவிப் போட வேண்டும். வால்வையும் பாருங்கள். சில பழைய ரிம்களில் ஓட்டை சுமார் 16 மி.மீ., இப்போது கிடைக்கும் டியூப்புகள் பலவும் 11.5 மி.மீ. ஓட்டைக்கானவை. வால்வு ஆடி ஆடி அடியில் கிழியும்.

நட்டுபோல்ட்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். டியூப் என்றாலே உரசல், சூடு, தொல்லை. மைனர்காரன் அண்ணே, படித்தீர்களா?

மைனர்காரன்:
படித்தேன். அவர் லேபிளை உரிக்காததற்கு டியூப் என்ன செய்யும்? சரியாகப் போட்டால் டியூப் உழைக்கும். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. மேடு இருக்கிறதா?

ஸ்போக்ராஜா:
எங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு ஸ்போக்கின் நிப்பிளும், அதாவது கம்பி முனையை இறுக்கும் திருகும், ரிம்மைத் துளைத்து வருகிறது, அத்தனை வழியாகவும் காற்று கசியும். டியூப் போட்டே ஆக வேண்டும். என் எம்ஜிபி காரில் சக்கரத்துக்கு 72 ஸ்போக், அப்படியென்றால் 72 ஓட்டை.

பழையசாவி:
எம்ஜிபிக்குத் தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்தது 60 ஸ்போக். 72 என்பது பிறகு வாங்கி மாட்டுவது.

ஸ்போக்ராஜா:
என் வண்டியில் இருப்பதை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியுமோ? போன தடவை கார்புரேட்டர் விஷயத்திலும் இப்படித்தான் குறுக்கே விழுந்தீர்கள்.

பழையசாவி:
கார்புரேட்டர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. இதிலும் 60தான்.

நட்டுபோல்ட்:
ஸ்போக் ஓட்டைகளைச் சீலன்ட் வைத்து அடைத்துக்கொண்டு டியூப் இல்லாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பயம் இருக்கிறவர்கள் டியூப்போடு இருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தெரிந்து செய்கிறவனைத் தடுக்காதீர்கள்.

மைனர்காரன்:
தம்பி, இதில் பயம் எங்கே வந்தது? இரும்பு ரிம்மிலேயே சில பழையவற்றில் நடுத்தட்டை ரிவெட் அடித்துச் சேர்த்திருப்பார்கள், அந்த ரிவெட் வழியாகக்கூடக் காற்று போகும். துரு அரித்த ரிம்மில் விளிம்பு சரியாக ஒட்டவே ஒட்டாது. அதையெல்லாம்கூடத் தேய்த்து, பெயின்ட் அடித்துச் சரிசெய்துவிடலாம். மேட்டை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? வண்டியில் உங்கள் வீட்டுக் குழந்தைகளும்தானே ஏறுகிறார்கள்? ரிம்மைக் கழற்றி, விரலை வைத்து, ஒரு படம் போடுங்கள். மேடு தெரிந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நட்டுபோல்ட்:
மேடு இல்லை என்று முதலிலேயே எழுதிவிட்டேன், கண்ணில் படவில்லையா? எட்டு வருடம் ஓடிய வண்டிக்கு நான் யாருக்கும் படம் காட்டத் தேவையில்லை. 1955 கேள்விக்குத்தான் உங்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

மைனர்காரன்:
1955இல் வாகனங்கள் போன வேகம் வேறு, அன்றைய டயரும் வேறு. எட்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது ரிம்மில் மேடு முளைத்துவிட்டது என்று ஆகாது.

பொறுமைசாலி:
லேபிளை உரியுங்கள் என்று நான் சொன்னதை ஒருவராவது குறித்துக்கொண்டீர்களா?

ஸ்போக்ராஜா:
பழையசாவி, நாளைக் காலை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு வருகிறேன்.

பழையசாவி:
எண்ணுங்கள். தொழிற்சாலைச் சக்கரமா, மாற்றியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.