அம்மா இல்லாத குழு

மலர் சித்தி, இரவு 8.40
கவி கண்ணு, பிரபு, அண்ணா, மூன்று பேரும் பாருங்கள். இன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இடது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே புண். செருப்பு கடித்ததாம். சீழ் கசிகிறது, ஆனால் வலியே இல்லை என்கிறார், அதுதான் எனக்குப் பயம். கேட்டால், உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, தடுக்கக் கூடாது என்று அந்தக் குருஜி சொன்னாராம்.

ரவி மாமா, 8.44
மாத்திரையை நிறுத்தி எத்தனை மாதம் இருக்கும்?

மலர் சித்தி, 8.47
தை மாதத்தில் இருந்து. மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பெண் மாதா மாதம் கொண்டு வருகிறாள். அக்கா அவளுக்கு மோர் கொடுத்து, உட்கார வைத்துப் பேசிவிட்டு, மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். சர்க்கரை என்று ஒரு நோயே கிடையாது, எல்லாம் மருந்துக் கம்பெனி வியாபாரம் என்று அவளுக்கே பாடம். அக்காவிடம் எட்டாம் வகுப்பில் அறிவியல் படித்த பெண் அவள்.

பிரபு, 8.52
சித்தி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டாவது போங்கள். உணர்ச்சி இல்லாத காலில் புண்ணை விட்டால் விரலை எடுக்க வேண்டி வரும். 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு பெண் இறந்தபோது, படித்தவர்களே இப்படிச் செய்யலாமா என்று நாள் முழுக்கப் புலம்பியது இதே அம்மாதான். அந்த அம்மா எங்கே போனார்?

ரவி மாமா, 8.58
இழுத்துக்கொண்டு போக அவள் என்ன குழந்தையா மாப்பிள்ளை? பொங்கலன்று நீ வீடியோ காலில் கத்தினாய், நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். அன்றைக்கு இரவே பெரிய குழுவை விட்டு வெளியேறிவிட்டாள்.

கவிதா, 9.14
பொங்கலுக்குச் சண்டை, தையில் மாத்திரை நின்றது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் இது அதற்கும் முன்னால் தொடங்கியது. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் 15ஆம் தேதி கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு 17ஆம் தேதி இறந்தாரே, அதற்கு அடுத்த வாரம் அப்பாவுக்கு ஊசி போட நான் பதிவு செய்து வைத்திருந்தேன். அம்மாதான் பயந்துபோய், கொஞ்ச நாள் பொறுங்கள் என்று நிறுத்தினார். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு சொன்னது அக்டோபரில். அப்பா மே மாதமே போய்விட்டார், முகத்தைக்கூடக் காட்டாமல் சுற்றிக் கொடுத்தார்கள். ஊசி நல்லது என்று அம்மா ஒத்துக்கொண்டால், அப்பாவைத் தடுத்தது தான்தான் என்று ஆகிவிடும். அந்த நினைப்போடு அந்த வீட்டில் தனியாக எப்படித் தூங்குவது? அண்ணா, நாம் அனுப்பிய ஒவ்வொரு லிங்க்கும் அவருக்கு அதைத்தான் சொல்லியிருக்கும்.

கவிதா, 9.19
அந்தக் குருஜியின் குழுவில் முதல் சில மாதம் வெறும் மூச்சுப் பயிற்சிதான். தினமும் காலை 5 மணிக்கு யாராவது ஒருவர் ‘எழுந்தாச்சா அம்மா’ என்று கேட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் செய்தேன். அப்புறம் பூச்சாற்றில் செய்கிற மலர் மருந்து, அப்புறம் ஊசியில் சிப், இலுமினாட்டி. உங்கள் கணவரைக் கொன்றது ஆஸ்பத்திரிதான் என்பதையும் அங்கேதான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஆளை நான் மன்னிக்கவே மாட்டேன்.

பிரபு, 9.23
அப்பாவுக்குப் பதிவு செய்ததை நீ சொல்லவே இல்லையே கவி.

மலர் சித்தி, 9.30
எனக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவும்போது, ‘நான்தான் பொறுக்கச் சொன்னேன் மலர்’ என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதெல்லாம் ஒன்றும் இல்லை அக்கா என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். மாற்றியிருக்கக் கூடாது.

பிரபு, 9.41
ஆன்மிகமும் சதிக்கதையும் இப்படிக் கலப்பதைப் பற்றி 2011இலேயே சார்லட் வார்ட், டேவிட் வோஸ் என்ற இரண்டு பேர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக மூன்று நம்பிக்கைகளாம்: எதுவும் தற்செயல் இல்லை, எதுவும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இல்லை, எல்லாமே ஒன்றோடு ஒன்று தொடர்புடையது. படித்தபோது கோபம்தான் வந்தது. இப்போது அப்பாவை நினைத்துக்கொண்டு அந்த முதல் வரியைப் பார்த்தால், அம்மா ஏன் அதைப் பிடித்துக்கொண்டார் என்று புரிகிற மாதிரி இருக்கிறது. இனிமேல் ஊசியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் புண் காத்திருக்காது சித்தி.

மலர் சித்தி, 9.46
நாளைக் காலையில் அந்தப் பெண்ணை நர்ஸோடு வரச் சொல்லிவிட்டேன். கட்டுப் போட மட்டும்தான் என்று சொல்லப் போகிறோம். அவள் காலைத் தொட்டால் அக்கா தட்டமாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று நர்ஸ் சொன்னால் அக்காவிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம்.

ரவி மாமா, 9.48
கால் சிவந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே கூப்பிடு, காரோடு வந்துவிடுகிறேன். அப்போது சண்டை வந்தாலும் பரவாயில்லை.

கவிதா, 10.05
நாளை இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டேன், இரண்டு வாரம் லீவு. வருகிறேன் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், சரி என்று மட்டும் சொன்னார். நான் வரும்போது அவருக்குப் பயிற்சி நேரமாக இருந்தால் முடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். சித்தி, உங்களிடம் இருக்கும் சாவியோடு வந்துவிடாதீர்கள், அம்மாவே எழுந்து வந்து கதவைத் திறக்கட்டும்.