மறு: காபி ‘ப்ரூயிங்’, ‘எக்ஸ்ட்ராக்‌ஷன்’ ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் (என் பரிந்துரை: இறக்குதல், சாறிறக்கம்)

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். பல நாட்டு வீடுகளில் காபி தயாரிக்கும் முறைகளைப் பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்கும் தோழி, காபி தயாரிக்கும் செயலைக் குறிக்கும் ‘ப்ரூயிங்’, தூளின் சாறு நீருக்குள் வருவதைக் குறிக்கும் ‘எக்ஸ்ட்ராக்‌ஷன்’ இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது என்று குழுமத்தில் கேட்டிருந்தார். அதற்கு இதுவரை வடித்தல், காய்ச்சுதல், பிரித்தெடுத்தல் என்று மூன்று விடைகள் வந்துள்ளன. ‘டிகாக்‌ஷன் போடுதல்’ என்றே விட்டுவிடலாம் என்று நான்காவதாக ஒரு மடலும் வந்தது. ‘ப்ரூ’ என்று ஒலிபெயர்த்து எழுதவும் வழியில்லை. நம் நாட்டில் அது ஒரு காபித்தூளின் வணிகப் பெயராகிவிட்டது. நான் ஐந்தாவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன். அது நம் அடுக்களையில் ஏற்கெனவே இருக்கும் சொல். அதற்கு முன், வந்த சொற்கள் ஏன் போதவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

‘வடித்தல்’ நமக்கு உடனே தோன்றுவது இயல்பு. நம் வீட்டுக் காபி பில்டரிலிருந்து வருவது. ஆனால் தோழியின் முதல் கட்டுரை துருக்கியைப் பற்றியது. அங்கே மாவைப் போல நைசாக அரைத்த தூளையும் தண்ணீரையும், வேண்டுமானால் சர்க்கரையையும், ‘ஜெஸ்வே’ என்ற நீண்ட கைப்பிடி வைத்த சிறு பாத்திரத்தில் ஒன்றாகப் போட்டு மெல்லிய தீயில் வைக்கிறார்கள். நுரை திரண்டு மேலே வரும்போது, பொங்கி வழிவதற்குள் எடுத்துவிடுகிறார்கள். பிறகு அப்படியே கோப்பையில் ஊற்றி, தூள் அடியில் படியும் வரை பொறுத்திருந்து குடிக்கிறார்கள். வடிகட்டி என்பதே அங்கு இல்லை. 2013இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்த துருக்கியக் காபிப் பண்பாட்டைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘துருக்கியர் காபி வடிக்கும் முறை’ என்று தலைப்பிட்டால், முதல் வரியே பொய்யாகிவிடும். இந்தோனேசியாவின் ‘கோப்பி துப்ருக்’ இன்னும் எளியது. கண்ணாடிக் கோப்பையில் தூளைப் போட்டுக் கொதிநீரை ஊற்றுவதோடு வேலை முடிந்தது. காபிக்கே பெயராக முன்பு வந்த ‘கொட்டைவடிநீர்’ என்ற ஆக்கத்துக்கும் இதே குறை உண்டு. உலகில் வடிக்காத காபி நிறைய இருக்கிறது.

‘காய்ச்சுதல்’ துருக்கிக்குப் பொருந்தும், எத்தியோப்பியாவுக்கும் பொருந்தும். ஜெர்மனிக்குப் பொருந்தாது. 1908இல் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் தன் மகனின் நோட்டுப் புத்தகத்திலிருந்த மையொற்றுத் தாளை வைத்துக் காபியை வடித்துப் பார்த்தார். காய்ச்சிய காபியின் கசப்பும் வாயில் தட்டுப்படும் தூளும் பிடிக்காததால்தான் அவர் அந்த முயற்சியில் இறங்கினார். அவருடைய முறையை ‘காய்ச்சுதல்’ என்று எழுதினால், எதிலிருந்து தப்பிக்க அவர் அதைக் கண்டுபிடித்தாரோ அதன் பெயரையே அவர் தலையில் கட்டுவதாகும். இதில் ஒரு நடைமுறை ஆபத்தும் இருக்கிறது. வடிப்புக் காபிக்கு நீர் கொதித்து அடங்கி, ஏறத்தாழ 90 முதல் 96 டிகிரி செல்சியஸில் இருந்தால் போதும். ‘காய்ச்சவும்’ என்று படிப்பவர் தூளைப் போட்டுக் கொதிக்க விடுவார். கலைச்சொல் படிப்பவரின் கையைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்லக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

‘பிரித்தெடுத்தல்’ பாடநூலில் தாதுவிலிருந்து உலோகத்தை எடுப்பதற்கு நிலைபெற்றுவிட்டது. அங்கே அது நன்றாக இருக்கிறது, இருக்கட்டும். ‘காலையில் எழுந்ததும் காபி பிரித்தெடுத்தேன்’ என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? ‘டிகாக்‌ஷன்’ பற்றி: அந்தச் சொல்லை நான் விரட்டச் சொல்லவில்லை, என் வீட்டிலும் அதுதான் புழங்குகிறது. ஆனால் அது லத்தீன் மூலத்தில் கொதிக்க வைப்பதைக் குறிக்கிறது. சித்த மருத்துவத்தின் ‘குடிநீர்’, அதாவது எட்டில் ஒன்றாக வற்றக் காய்ச்சும் கஷாயம், அந்தச் சொல்லுக்கு நேரானது. நம் பில்டரில் சொட்டுவது கொதிக்க வைத்ததே அன்று. அது நம் வீட்டுப் பெயராக நிற்கட்டும். உலக முறைகள் அனைத்தையும் தழுவும் பொதுச்சொல்லாக அதனால் நிற்க முடியாது.

இனி என் பரிந்துரை. ‘டிகாக்‌ஷன் இறங்கிவிட்டதா?’ என்று கேட்காத காபி வீடு தமிழ்நாட்டில் உண்டா? கள் இறக்குகிறோம், பதநீர் இறக்குகிறோம், வைத்தியர் தைலம் இறக்குகிறார். தேநீர் பற்றிச் சமையல் குறிப்பு எழுதுபவர்களும் ‘சாறு நன்றாக இறங்கியதும்’ என்றே எழுதுகிறார்கள். இந்த ஒரு வினையை எடுத்துக்கொண்டு, காபி தயாரிக்கும் செயல் முழுவதையும் ‘காபி இறக்குதல்’ என்றும், முறையை ‘இறக்குமுறை’ என்றும், தூளிலுள்ள கரையும் பொருள்கள் நீருக்குள் வருவதைச் ‘சாறிறக்கம்’ என்றும் சொல்லலாம்.

குழுமத்தில் மூத்தவரான ஐயா அவர்கள் தனிமடலில் ஓர் ஐயம் எழுப்பினார்கள். அவர்கள் இசைவோடு அதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இறங்குதல் என்றால் கீழே வருவதாயிற்றே, இத்தாலிய மோக்கா பாத்திரத்தில் காபி மேலே அல்லவா ஏறுகிறது என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்வி, நின்று பதில் சொல்ல வேண்டியது. 1933இல் அல்ஃபோன்சோ பியாலெட்டி கொண்டுவந்த அந்த எட்டுமுக அலுமினியப் பாத்திரத்தில் அடி அறையில் தண்ணீர், நடுக் கிண்ணத்தில் தூள், மேல் அறை காலி. அடுப்பில் வைத்ததும் அடி அறைக்குள் அடைபட்ட காற்றும் நீராவியும் விரிந்து தண்ணீரை மேல்நோக்கித் தள்ளுகின்றன. தண்ணீர் தூளினூடே ஏறி மேல் அறையில் காபியாகக் கொப்பளிக்கிறது. அதற்கு முன்பு நேப்பிள்ஸ் வீடுகளில் இருந்த ‘குக்குமெல்லா’வோ நேர்மாறு. தண்ணீர் கொதித்ததும் பாத்திரத்தையே தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள், காபி தன் எடையால் கீழே சொட்டும். ஒரே நாட்டில், ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது.

ஐயா, ‘ஊறுகாயில் உப்பு இறங்கவில்லை’ என்று சொல்லும்போது எந்தத் திசையைச் சொல்கிறோம்? ‘மசாலா கறியில் இறங்கிவிட்டது’ என்னும்போது மசாலா மேலிருந்து கீழே போனதாகவா பொருள்? ஒன்றின் சத்து இன்னொன்றுக்குள் போய்ச் சேர்வதைத்தான் அங்கே இறங்குதல் என்கிறோம். காபியில் நடப்பதும் அதுவே. பாத்திரத்தில் நீர் மேலே போகட்டும், கீழே வரட்டும், அசையாமல் கிடக்கட்டும், தூளின் சாறு நீரில் இறங்குகிறது. மோக்காவுக்கும் குக்குமெல்லாவுக்கும் ஜெஸ்வேக்கும் பொதுவாக இருப்பது இந்த ஒன்றுதான். அதனால்தான் திசை காட்டும் பொருளையும் தாண்டி இந்தச் சொல் நிற்கும் என்று நம்புகிறேன்.

இன்னொரு இடறல் உண்டு. ‘இறக்கும்’ என்ற வடிவம் சாவதையும் குறிக்கும். ‘இறக்கும் காபி’ என்று எழுதினால் கண் ஒரு கணம் தடுமாறும். தலைப்புகளில் அந்தப் பெயரெச்சத்தைத் தவிர்த்து, ‘காபி இறக்குமுறை’ என்றோ ‘இறக்கிய காபி’ என்றோ எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. ‘இறக்குமதி’யைப் படித்து யாரும் அஞ்சுவதில்லை.

இந்தச் சொல்லை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு முக்கியக் காரணம் வேறு. காபி அறிவியலில் வாசகர் அதிகம் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அங்கே இரண்டு சொற்கள் தெளிவாகப் பிரிந்து நின்றால்தான் விளங்கும். 1950களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்கார்ட் என்ற வேதியியலாளர் இரண்டு அளவுகளைப் பிரித்துக் காட்டினார். தூளின் எடையில் எத்தனை விழுக்காடு நீரில் கரைந்து வந்தது என்பது ஒன்று, அதாவது சாறிறக்கம். கோப்பையிலுள்ள காபியில் எத்தனை விழுக்காடு கரைபொருள் இருக்கிறது என்பது மற்றொன்று. வறுத்த காபியின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடுதான் நீரில் கரையக் கூடியது. தூளின் மொத்த எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை கரைந்து வந்தால் சுவை சமநிலையில் இருக்கும் என்பது அந்த ஆய்வின் வழியில் வந்த வரையறை. முதலில் புளிப்புப் பொருள்கள் இறங்கிவிடும், பிறகு இனிப்பு, கடைசியில் கசப்பும் துவர்ப்பும் மேலோங்கும். ஆகவே குறைவாக இறங்கினால் புளிப்பு தூக்கலாக நிற்கும், மிகையாக இறங்கினால் நாக்கு வறளும். இவற்றைக் ‘குறையிறக்கம்’, ‘மிகையிறக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். விளக்கவுரை தேவைப்படுகிறதா?

இரண்டாவது அளவுக்குப் பாடநூலின் ‘செறிவு’ இருக்கிறது. நம் வீட்டுப் பில்டரையே எடுத்துக்கொள்வோம். மேல் பாத்திரத்தில் நிறையத் தூள், கொஞ்சம் தண்ணீர். முதல் டிகாக்‌ஷன் கருகருவென்று கெட்டியாக வருகிறது. பார்த்ததும் தூளிலிருந்த எல்லாமே வந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் செறிவு மிகுதி, சாறிறக்கம் அவ்வளவு இல்லை. தூளில் இன்னும் மிச்சம் இருப்பதால்தான் இரண்டாவது முறை தண்ணீர் ஊற்றினாலும் காபி என்று சொல்லத்தக்க ஒன்று கிடைக்கிறது. சிக்கரி கலந்திருந்தால் நிறமும் கெட்டித்தன்மையும் கூடிக் கண்ணை இன்னும் ஏமாற்றும். ‘ஸ்ட்ராங்’ என்ற ஒரே சொல்லில் தமிழர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். செறிவு வேண்டும் என்றால் தூளைக் கூட்ட வேண்டும். சாறிறக்கம் வேண்டும் என்றால் தூளை நைசாக அரைக்கலாம், நேரத்தைக் கூட்டலாம், நீரின் சூட்டைக் கூட்டலாம். இந்த வேறுபாட்டைத் தமிழில் ஒரே வரியில் சொல்ல முடிவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

எத்தியோப்பியக் கட்டுரைக்கும் இது கைகொடுக்கும். அங்கே பச்சைக் காபிக்கொட்டையைக் கழுவி, விருந்தினர் முன்னாலேயே வறுத்து, இடித்து, ‘ஜெபெனா’ என்ற கழுத்து நீண்ட மண்கூசாவில் கொதிக்க வைக்கிறார்கள். ஒரே தூளில் மீண்டும் மீண்டும் தண்ணீர் சேர்த்து மூன்று சுற்று பரிமாறுகிறார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெகா. பெரெகா என்றால் ஆசி. அதைப் பெறாமல் எழுந்து போவது மரியாதை ஆகாது. முதலிறக்கம், இரண்டாமிறக்கம், மூன்றாமிறக்கம் என்று எழுதி, பக்கத்திலேயே அவர்கள் வைத்த பெயர்களையும் தரலாம். நம்மிடம் இரண்டாம் டிகாக்‌ஷன் வீட்டோடு முடிந்துவிடும், விருந்தினருக்குப் போகாது. அவர்களிடம் கடைசிச் சுற்றில்தான் ஆசி இருக்கிறது.

உட்பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூள் நீரிலேயே கிடந்தால் ‘ஊறல் முறை’. 1852இல் பாரிஸில் காப்புரிமை பெற்று, 1929இல் இத்தாலியர் காலிமானியின் கையில் திருத்தம் பெற்ற பிரெஞ்சு அழுத்துக் குடுவை இதில் அடங்கும். ‘ஊறல்’ என்றதும் நாளிதழில் வரும் சாராய ஊறல் நினைவுக்கு வருமே என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊறுகாயும் ஊறவைத்த அரிசியும் அதைவிட முந்தியவை, அஞ்ச வேண்டாம். நீர் தூளினூடே தானாகக் கசிந்து போனால் ‘வடிப்பு முறை’. மெலிட்டாவின் தாள் வடிகட்டி, நம் பில்டர், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கோப்பிக் கடைக்காரர் கையிலிருக்கும் துணிப்பை எல்லாம் இதுதான். வியட்நாமின் ‘ஃபின்’னும் இந்த வகை. அதன் பெயர் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ஓட்டைத் தட்டு, மேலே அழுத்தும் வட்டு என்று நம் பில்டருக்கு உடன்பிறந்தது போலவே இருக்கும். ஆனால் கோப்பையின் மேலேயே வைத்து, அடியில் குறுக்கிய இனிப்புப் பால் ஊற்றிக் காத்திருப்பார்கள். மோக்கா போல நீரைத் தள்ளி அனுப்பினால் ‘அழுத்த முறை’. தாளில் வடிப்பதற்கும் ஊறலுக்கும் உடலுக்குள்ளும் வேறுபாடு உண்டு. காபி எண்ணெயில் உள்ள கேஃபெஸ்டால் கொலஸ்டிராலைக் கூட்டக் கூடியது. தாள் அதைப் பெருமளவு தடுத்துவிடுகிறது, உலோகச் சல்லடை தடுப்பதில்லை. இந்தப் பிரிவுகள் பெயரளவில் நின்றுவிடாமல் வாசகருக்குப் பயன்படுவது இங்கேதான்.

கோப்பையின் அடியில் படிவதற்கு ‘மண்டி’ என்றும், வடிகட்டியில் மிஞ்சும் பழைய தூளுக்குச் ‘சக்கை’ என்றும் பிரித்து வைத்துக்கொள்வோம். துருக்கியில் கோப்பையைக் கவிழ்த்துக் குறி பார்ப்பது மண்டியில். நாம் ரோஜாச் செடிக்குப் போடுவது சக்கை.

தீராமல் நிற்பது ஒன்று: அமெரிக்க வீடுகளில் ஒரு தலைமுறை ஆண்ட பெர்கோலேட்டர். அதில் இறங்கிய காபியே கொதித்துக் குழாய் வழியாக மேலேறி மறுபடியும் தூளின் மேல் விழுகிறது. மிகையிறக்கத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ‘சுழல்வடிப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், மனம் முழுதாக ஒப்பவில்லை. காபி என்பதற்குக் ‘கோப்பி’ என்று எழுதும் ஈழ, மலேசிய உறுப்பினர்கள் தங்கள் வீடுகளில் ‘இறக்குதல்’ புழங்குகிறதா, வேறு சொல் உண்டா என்று எழுதினால் உதவியாக இருக்கும். துருக்கிக் கட்டுரைதான் முதலில் போகிறது என்பதால் ‘இறக்குதல்’, ‘மண்டி’ இரண்டையும் பற்றிய கருத்துகளை முதலில் அனுப்புங்கள். பெர்கோலேட்டருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அன்புடன்.