காளிகேசம் முதல் முத்துக்குழிவயல் வரை: நம்ம மலையில ஆள் சாகுறது எதுனால?

தக்கலை

மழை விட்டதும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் காளிகேசம், உலக்கை அருவி, மருந்துவாழ்மலை என்று கிளம்புகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் கூடுது. எல்லார் வாயிலும் யானை, கரடிப் பேச்சுதான். மலையில் உயிர் வாங்குவது பெரும்பாலும் தண்ணீர், வழுக்குப் பாறை, வெயில், நெஞ்சுவலி. அதுக்கும் மேலே, அடிபட்ட ஆளை ரோட்டுக்குக் கொண்டுவர ஆகிற நேரம். சொந்தக் கதை வேண்டாம். எங்கே, எதனால், அப்போ என்ன செய்யணும் என்று தெரிஞ்சவங்க அவங்கவங்க ஊர்ப் பேரில் போடுங்க. வனத்துறை அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் போவதைப் பற்றி இங்கே யாரும் வழி கேட்க வேண்டாம்.

கீரிப்பாறை

தண்ணீரில் இருந்தே தொடங்குறேன். காளிகேசத்தில் வெயில் அடிக்கும், மேலே பாலமோர் பக்கம் கறுத்துக் கிடக்கும். குளிக்கிறவன் தலைமேல் மழை இல்லை, அதனால் பயமும் இல்லை. மேலே பெய்தது கீழே வந்துசேரும் நேரம்தான் உங்களுக்கு உள்ள அவகாசம். சரிவு செங்குத்து, ஓடையின் நீளம் குறைவு, அதனால் பல சமயம் அரை மணிகூட கிடைக்காது.

வெள்ளம் சொல்லிவிட்டுத்தான் வரும். தெளிந்த தண்ணீர் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் நுரையும் சேர்ந்து வரும். இரைச்சல் கனக்கும், அடியில் கல்லோடு கல் முட்டுவது கேட்கும். இதில் ஒன்று தெரிந்தாலே போதும். துணி, செருப்பு, போன் எதையும் எடுக்கப் போகாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறணும். ஓடையோடு கீழே ஓடினால் வெள்ளம்தான் ஜெயிக்கும்.

ஆள் அதிகம் போவது அடுத்த கட்டத்தில். பாதிப் பேர் அக்கரையில் மாட்டிக்கொள்வார்கள், இருட்டுது என்று அவசரப்பட்டு இக்கரைக்குத் தாண்டப் பார்ப்பார்கள். தாண்ட வேண்டாம். சின்ன ஓடை ஏறின வேகத்திலேயே வடியவும் செய்யும். மழை நின்றபின் சில மணி நேரம் மேட்டில் உட்கார்ந்தால் போதும். ஒரு ராத்திரி குளிரில் நடுங்கலாம், அவ்வளவுதான்.

தாண்டியே ஆகணும் என்றால் கவனிக்க வேண்டியது இது. ஓடை ஒடுங்கின இடம் எளிதாகத் தெரியும், ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான். அகன்று பரவி ஓடும் இடத்தைத் தேடுங்க. இறங்கும் முன் கீழே 50 மீட்டர் நடந்து பாருங்க: அருவியோ, குறுக்கே விழுந்த மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். முட்டுக்கு மேலே வேகமாக ஓடும் தண்ணீர் பெரிய ஆளையே சாய்க்கும், ஏனென்றால் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. பையின் இடுப்புப் பட்டை, நெஞ்சுப் பட்டை ரெண்டையும் கழற்றிவிட்டு இறங்கணும், விழுந்தால் பையை உதறணும். செருப்பைக் கழற்றக் கூடாது. முகம் நீர்வரத்தைப் பார்த்து, கம்பை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்தி நண்டுபோல் பக்கவாட்டில் போகணும். மூன்று பேர் தோளைப் பிடித்து முக்கோணமாகப் போனால் இன்னும் உறுதி.

இடுப்பில் கயிறு கட்டி இறக்குவதை வீரமாக நினைக்கிறார்கள். அதில்தான் சாவு. கால் தவறினால் கயிறு இழுத்துப் பிடிக்கும், தண்ணீர் ஆளை அடியில் அமுக்கும், முடிச்சை அவிழ்க்கவும் முடியாது.

அடித்துச் சென்றால் மல்லாந்து, கால் ரெண்டும் கீழ்ப்பக்கம் நீட்டி, பாதம் மேலே தெரிய மிதக்கணும். ஓட்டம் தணியும் முன் எழுந்து நிற்கப் பார்த்தால் பாதம் பாறை இடுக்கில் சிக்கும், முட்டளவு ஆழத்திலேயே முகம் மூழ்கும்.

மாதம்: நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழை. அதைவிட ஏமாற்றுவது ஏப்ரல், மே கோடைமழை. காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், மதியம் 2 மணிக்கு மேல் இடியோடு இறங்கும். 2015 மே மாதம் சதுரகிரியில் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது இப்படி வந்த வெள்ளம்தான். மதியத்துக்கு மேல் ஓடைப் படுகையில் சோறு பிரிக்காதீங்க.

குலசேகரம்

கீரிப்பாறைக்காரர் சொன்னதுக்கு வெளிநாட்டுச் சாட்சியும் உண்டு. அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் தடத்தில் 2017-ல் பனி மிகுந்து பெய்த பிறகு, உருகின தண்ணீர் ஓடைகளைக் கடக்கையில் நெடுந்தூர நடையாளிகளான இரண்டு பெண்கள் தனித்தனியே மூழ்கிப்போனார்கள். ரெண்டு பேரும் தனியாக நடந்தவர்கள்.

நம்ம பக்கம் வெள்ளம் இல்லாத நாளிலும் கயம் ஆளை எடுக்கும். அருவிக்கு அடியில் பாறையைத் தண்ணீர் குடைந்த குழி அது. மேலே அமைதியாகத் தெரியும், அடியில் சுழலும், சுவரில் பாசி, பிடிக்க ஒன்றும் இருக்காது. தலைகீழாகப் பாய்கிறவனுக்கு அடியில் இருக்கும் பாறை தெரியாது. கழுத்து எலும்பு முறிய ஒரு தடவை போதும். அருவிக்கு மேலே நின்று படம் எடுப்பது அதைவிட மோசம். ஈரமில்லாத கறுத்த பாறையும் வழுக்கும், காய்ந்த பாசியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே போதும். பேச்சிப்பாறை அணையில் ஷட்டர் திறந்த அறிவிப்பு வந்தால் திற்பரப்பு அருவி மட்டுமல்ல, கோதையாற்றங்கரை முழுக்கத் தள்ளி நில்லுங்க.

கொட்டாரம்

மருந்துவாழ்மலையை "சின்ன மலைதானே" என்று ஏறுகிறார்கள். உயரம் குறைவுதான், ஆனால் பெரும்பகுதி வெட்டவெளிப் பாறை. காலை 9 மணிக்கே பாறை சூடேறும், இறங்கும்போது மேலே வெயில், கீழே கல்லின் அனல். விடியும் முன் ஏறி 8 மணிக்குள் இறங்கணும். ஒரு ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்கணும். வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தாலும் உப்பு இறங்கி மயக்கம் வரும். ஓஆர்எஸ் பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டரில் கரையுங்க. பாதி பாட்டிலில் மொத்தத்தையும் கொட்டினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

வெயில் தாக்கினவன் உளறினாலோ, தள்ளாடினாலோ அது சாதாரணக் களைப்பு இல்லை. அவனை நடத்தி இறக்கக் கூடாது. நிழலில் போட்டு, சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் நனைத்து விசிறணும். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் தூக்குவது. பாராசிட்டமால் இதற்கு உதவாது.

நடுத்தர வயசுக்காரர்கள் பௌர்ணமி ராத்திரியில் சாப்பிட்ட வயிற்றோடு ஏறுவதுண்டு. இடது கை, தாடை, மேல்வயிறு வலித்து வேர்த்தால் "வாயு" என்று சுக்குத்தண்ணி கொடுத்து நடக்க வைக்காதீங்க. உட்கார வைக்கணும், ஒரு எட்டுகூட நடக்க விடக்கூடாது. ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கலாம். மூச்சு நின்றால் நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தணும். ரெண்டு நிமிடத்துக்கு ஒருதரம் ஆள் மாற்றுங்க, அழுத்துகிறவனின் கை தளர்வது அவனுக்கே தெரியாது.

ஆரல்வாய்மொழி

எங்க பக்கம் காற்றும் தீயும். கணவாய்க் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். முகட்டில் நிமிர்ந்து நடக்கிறவனைத் தள்ளிவிடும். குடை, பெரிய தார்ப்பாய் எதையும் விரிக்காதீங்க.

தீ வருவது பிப்ரவரி, மார்ச்சில், புல் காய்ந்தபின். 2018 மார்ச் 11-ல் தேனி குரங்கணியில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும், ஏனென்றால் கீழே எரிகிற அனல் மேலே உள்ள புல்லை முன்னமே காயவைக்குது. அதனால் தீக்கு முன்னால் மேலே ஓடினால் தப்ப முடியாது. பள்ளமான ஓடைக்குள் ஒளிந்தால் புகைபோக்கிக்குள் நிற்பதுதான். வெறும் பாறை, புல் இல்லாத இடம், இல்லையென்றால் தீ முன்வரிசை மெலிந்த இடத்தில் ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலம், இந்த மூன்றில் ஒன்றுக்குப் போங்க. உடம்பில் பருத்தித் துணி இருக்கணும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

பேச்சிப்பாறை

அண்ணே, பருத்தி தீக்காலத்துக்குச் சரி. முத்துக்குழிவயலில் ஜூலை மழையில் அதே பருத்திதான் ஆளை முடிக்கும். சுமார் 1300 மீட்டர் உயரம், மழையும் காற்றும் சேர்ந்தால் நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நடுக்கம் நின்று பேச்சு குழறினால் நல்லாயிட்டான் என்று நினைக்காதீங்க, அது முற்றின நிலை. ஈரத்தைக் களைந்து, காய்ந்த துணி சுற்றி, தரையில் படாமல் வைக்கணும். ஒரு ஜோடி உலர்ந்த துணி பிளாஸ்டிக் கவரில் பையின் அடியில் எப்போதும் இருக்கட்டும்.

யானை பற்றிச் சுருக்கமாக. கோதையாறு பக்கம் முன்னமே யானைக்காடு. 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடித்த அரிக்கொம்பனையும் மேல்கோதையாறு பகுதியில்தான் கொண்டுவிட்டார்கள். சூடு ஆறாத லத்தி (யானைச் சாணம்), புதுசாக ஒடிந்த ஈற்றை (நாணல் மூங்கில்), வயிற்று உறுமல், கிளை முறியும் ஓசை, இதில் எது இருந்தாலும் வந்த வழியே திரும்பணும். ஈற்றைக்காட்டில் 10 மீட்டரில் நிற்கும் யானையும் கண்ணுக்குத் தெரியாது. நாயைக் கூட்டிப் போகாதீங்க. அது குரைத்து யானையைக் கிளப்பிவிட்டு உங்க காலடிக்கே திரும்பி ஓடிவரும். கரடி என்றால் திடீரென்று எதிர்ப்படுவதுதான் ஆபத்து, வளைவுகளில் பேசிக்கொண்டே நடங்க. அது மேலே விழுந்து கடிக்க ஆரம்பித்தால் குப்புறப் படுத்து, பிடரியைக் கையால் பொத்தணும். அது குறிவைப்பது முகத்தை.

வழி தவறுவதுதான் எனக்குப் பெரிய கவலை. ரப்பர் தோட்டத்தில் எல்லா வரிசையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இருட்டினால் நாலு பக்கமும் ஒரே பக்கம். "ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும்" என்பது சமவெளிக்காரன் சொல். இங்கே ஓடை அருவித் தலைப்பில் கொண்டுபோய் விடும். தவறினது தெரிந்ததும் நின்ற இடத்தில் நில்லுங்க, விசிலை மூன்று மூன்றாக ஊதுங்க.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தில் 2013 ஜூலையில் 66 வயசுப் பெண் ஒருவர் மெய்ன் மாநிலத்தில் இயற்கை உபாதைக்குத் தடத்தை விட்டு விலகினார், திரும்ப வழி தெரியவில்லை. சிக்னல் தேடி மேலே ஏறினார், அனுப்பின குறுஞ்செய்தி எதுவும் போகவில்லை. 2015 அக்டோபரில்தான் உடல் கிடைத்தது, தடத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குள். ஒதுங்கப் போகும்போது பையைத் தடத்தின் ஓரத்தில், கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போங்க. கூட ஒருவர் தடத்திலேயே நிற்கட்டும். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைக்கணும்.

நாகர்கோவில்

பாம்புக்கடிக்கு: இறுக்கக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. மோதிரம், கொலுசு கழற்று, கடித்த நேரத்தைக் குறி, கையோ காலோ அசையாமல் கம்பு வைத்துக் கட்டு, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வா. நம்ம ஊர் நாட்டு வைத்திய ஆசான்மார் எலும்பு வைப்பதில் கெட்டிக்காரர்கள்தான். பாம்புக்கடிக்கு மட்டும் பச்சிலை வாங்க வழியில் இறங்க வேண்டாம், அந்த ஒரு மணி நேரத்தில்தான் சிறுநீரகம் தப்புவதும் தப்பாததும். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள், விஷம் ஏறினது தெரிந்தால் விஷமுறிவு மருந்தைப் பொதுவாக 10 குப்பியில் தொடங்குவார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் அந்த மருந்து கேட்கும். ரப்பர்ச் சருகில் கிடக்கிற, மூக்கு தூக்கின சின்னக் குழிவிரியனுக்குக் கேட்காது, அதற்கு டயாலிசிஸ் போன்ற துணைச் சிகிச்சைதான். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். கட்டுவிரியன் கடி வலிக்காது, தரையில் படுத்தவனுக்குக் காலையில் இமை தொங்கினால் அதை நினையுங்க.

வீட்டுக்கு வந்தபிறகும் ஒன்று உண்டு. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்து, அக்குள், தொடையிடுக்கில் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் அது சிற்றுண்ணிக் காய்ச்சல். "காட்டுக்குப் போனேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்க, டாக்சிசைக்ளின் நேரத்தில் போனால் சரியாகும். ஓடையில் புண்ணோடு இறங்கினவர்களுக்கு எலிக்காய்ச்சலும் அப்படித்தான்.

பூதப்பாண்டி

மலைத்தேனீ துரத்தினால் தண்ணீரில் குதிக்கலாமா?

நாகர்கோவில்

வேண்டாம், தலை தூக்கும்வரை மேலேயே சுற்றும். துண்டால் முகம் மூடி நேராக ஓடு, சில நூறு மீட்டர் தாண்டணும். கையை வீசாதே. கொடுக்கை நகத்தாலோ கார்டாலோ உடனே வழித்து எடு, எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். நாக்கு தடித்து மூச்சு இழுத்தால் அட்ரினலின் ஊசிதான் மருந்து, அவில் போன்ற ஒவ்வாமை மாத்திரை போதாது. நூற்றுக்கணக்கில் கொட்டினவன் எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரியில் கிடக்கணும், சிறுநீரகம் ரெண்டு நாள் கழித்தும் பழுதாகும். கடந்தல் குளவியும் அதே.

தடிக்காரன்கோணம்

தூக்குவதைப் பற்றி யாரும் சொல்லலையே மக்கா. ரெண்டு சாரம் (கைலி), ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் கூடின ரெண்டு பச்சைக் கம்பு. தைத்த சாரம் ரெண்டையும் கம்பில் கோர்த்தால் தொட்டில் தயார். பழைய சாரம் கிழியும், முதலில் நல்ல உடம்புக்காரன் ஒருவனைப் படுக்க வைத்து முட்டளவு தூக்கிச் சோதிங்க. நாலு பேர் தூக்க, ரெண்டு பேர் முன்னால் வழி பார்க்க, சில நூறு அடிக்கு ஒருதரம் தோள் மாற்றணும். மோசமான தடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வையுங்க. அதனால் அடிபட்டவனைத் தவிர நாலு பேருக்குக் குறைவாக உள்ள கூட்டத்தால் ஆளைத் தூக்கி வர முடியாது, ஆள் வரவழைக்கத்தான் முடியும். இறக்கத்தில் கால் முன்னால், ஏற்றத்தில் தலை முன்னால். வாந்தி எடுப்பவனை ஒருக்களித்துக் கட்டுங்க. முதுகில் அடிபட்டவனைச் சாரத்தில் போடக் கூடாது, துணி குழியும், பலகை வரும்வரை அசைக்காமல் வைத்திருக்கணும்.

தூக்க ஆரம்பிக்கும் முன்னமே ரெண்டு பேரை கீழே அனுப்பிவிடணும், ஒருவனை மட்டும் அனுப்பக் கூடாது. போகிறவர்கள் கையில் ஒரு தாள்: ஆளின் வயசு, என்ன ஆச்சு, எத்தனை மணிக்கு, எந்த இடம். 108-க்குக் கூப்பிடும்போது "காளிகேசம் காட்டுக்குள்ளே" என்றால் வண்டி எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஜீப் எதுவரை ஏறும், எந்த செக்போஸ்டில் காத்திருக்கணும் என்பதைச் சொல்லுங்க. அந்த செக்போஸ்டுக்கும் தகவல் போகணும், ராத்திரி கேட் பூட்டியிருக்கும்.