மாசி மகத்தையொட்டிக் கும்பகோணத்தில் இரண்டு நாள்: எப்படிப் பிரித்துக்கொள்வது?

கேள்வி (மதுரைப் பயணி):
மாசி மகத்தையொட்டிப் பெற்றோருடன் கும்பகோணத்தில் இரண்டு நாள் தங்க எண்ணியிருக்கிறேன். தீர்த்தவாரியைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். அப்பாவுக்கோ முழங்கால் வலி, நெடுநேரம் நிற்க இயலாது. எனக்குப் பட்டறைகளைப் பார்த்து, நல்ல குத்துவிளக்கு ஒன்று வாங்கும் ஆசை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (குடந்தைவாசி):
பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல்தான். ஆகவே அந்த அளவுக்குக் கூட்டம் இருக்கும் என்று அஞ்ச வேண்டாம். ஆனாலும் தீர்த்தவாரி நேரத்தில் மகாமகக் குளக்கரையில் கால் வைக்க இடம் இராது. முதல் நாள் விடியற்காலையிலேயே அப்பாவை அழைத்துச் சென்று, தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் குளத்தைச் சுற்றிக் கட்டுவித்த 16 மண்டபங்களையும் நிதானமாகக் காட்டிவிடுங்கள். மறுநாள் தீர்த்தவாரிக்கு நீங்களும் அம்மாவும் மட்டும் செல்லலாம். நண்பகலில் கோயில்கள் நடை சாத்திவிடும் என்பதால், அந்த வேளையைக் கடைத்தெருவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் (வெண்கலப் பிரியர்):
விளக்கு மட்டுமே நோக்கமென்றால் கடைத்தெருவை விட, விளக்குப் பட்டறைகள் உள்ள நாச்சியார்கோவில் என்ற ஊருக்கே போவது நல்லது என்பேன். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்துக் கடைந்து, பிறகு திருகி இணைப்பதை அங்கே கண்ணெதிரே பார்க்கலாம். மேலே பளபளப்பதை மட்டும் நம்பி வேறோர் இடத்தில் நான் வாங்கிய விளக்கு, மூன்றே மாதத்தில் திருகு தேய்ந்து ஒருபுறம் சாய்ந்துவிட்டது. ஆகவே வாங்குமுன் நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆடுகிறதா என்றும் கவனியுங்கள். சுவாமிமலைக்கும் நேரமிருந்தால், மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றிச் சிலை வார்க்கும் வேலையைக் காணலாம்.

பதில் (கல்வெட்டு ஆர்வலர்):
தாராசுரத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில், 2004 முதல் உலக மரபுச் சின்னம். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் வரலாறுகள் சின்னஞ்சிறு புடைப்புச் சிற்பங்களாக வரிசையாக உள்ளன. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பமும் அங்கே உண்டு: ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. குனிந்து பார்க்க வேண்டியவை பல இருப்பதால், உங்கள் அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோவது நலம்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. முதல் நாள் காலையில் குளம், மாலையில் தாராசுரம். மறுநாள் தீர்த்தவாரி முடிந்தபின் நாச்சியார்கோவில் என்று முடிவு செய்திருக்கிறோம். விளக்கைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் பொறுப்பை அப்பா இப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டார்.