பி.எட். பயிற்சியில் வீடியோ: மதிப்பிட வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள்?

அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி:

2015-இல் பி.எட். இரண்டு வருடம் ஆன பிறகு, பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் மாதக்கணக்கில் எங்களோடு இருக்கிறார்கள். அதை நம்பி ஒரு கல்வியியல் கல்லூரி எங்கள் பள்ளியோடு ஒரு ஏற்பாடு செய்தது. பயிற்சி மாணவி எடுக்கும் வகுப்பை செல்போனில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் அவளும் நானும் பேராசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதல் வீடியோ ஆறாம் வகுப்பு, வெப்பம். "தண்டவாளத்துல எதுக்கு இடைவெளி விடறாங்க?" என்கிறாள். கேட்ட கையோடு பதிலையும் சொல்லிவிடுகிறாள். மூன்றாம் பெஞ்சில் ஒரு பையன் வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொள்கிறான். வகுப்பில் அவள் அதைக் கவனிக்கவில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. இருபது வருடமாக நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்து சொல்லியிருக்கிறார்: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பொறுப்பது சுமார் ஒரு விநாடி. மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது.

ஐந்து மாதம் கழித்து அதே வகுப்பு. கேள்வியைக் கேட்டுவிட்டு, சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு நிற்கிறாள். அந்தப் பையன் எழுந்து, "வெயில்ல கம்பி நீளும் மிஸ். கரண்ட் கம்பியும் அதனாலதான் தொங்குதா?" என்கிறான்.

வருடக் கடைசியில் திட்டத்தை மதிப்பிட இருவர் வந்தார்கள். எத்தனை டேப்லெட், எத்தனை நாள் பயிற்சி, எத்தனை பேர் கையெழுத்து என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். இரண்டு வீடியோவையும் நானாகவே எடுத்துக் காட்டினேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கல்வியியல் விரிவுரையாளர்:

மேடம், வேறொரு மாவட்டத்தில் இதே போன்ற மதிப்பீட்டுக் குழுவில் நான் இருந்திருக்கிறேன். தலைமையாசிரியரிடம் பேசினோம், கல்லூரி முதல்வரிடம் பேசினோம். உங்களைப் போல பயிற்சி மாணவிக்குத் துணை நிற்கும் வழிகாட்டி ஆசிரியரை, வகுப்பில் இருக்கிறார் என்று பார்க்காமல் விட்டுவிட்டோம். அது பெரிய தப்பு. ஸ்டான்ஃபோர்டில் 1963 வாக்கில் நுண்ணிலைக் கற்பித்தலை (மைக்ரோ டீச்சிங்: சில பிள்ளைகளுக்குச் சில நிமிடம் மட்டும் பாடம் நடத்திப் பழகுவது) தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே வீடியோவும் வந்துவிட்டது. நம் கல்லூரிகளில் சக மாணவிகளையே பிள்ளைகளாக உட்காரவைத்து, ஐந்தைந்து நிமிடம் நடத்தி, ரெக்கார்டு எழுதி முடித்துவிடுகிறோம். நிஜ வகுப்பை மூன்று பேர் கூடிப் பார்த்தீர்களே, அதைத்தான் மதிப்பிட்டிருக்க வேண்டும். திட்டத்துக்கு வந்த பணம் நின்று ஒரு வருடம் ஆன பிறகும் பேராசிரியர் பள்ளிப் படி ஏறுகிறாரா என்று போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

முன்னாள் பயிற்சி மாணவி:

எங்கள் கல்லூரியில் வீடியோவுக்கு மார்க் உண்டு. அதனால் நன்றாகப் பதில் சொல்லும் நாலு பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்துத்தான் எடுத்தோம். கடைசி பெஞ்ச் எந்த வீடியோவிலும் வராது. தயவுசெய்து இதற்கு மார்க் போடாதீர்கள்.

அறிவியல் ஆசிரியை:

பேராசிரியர் படி ஏறுகிறாரா என்று கேட்டீர்களே சார், இந்த வருடம் ஒருமுறைகூட வரவில்லை. உங்கள் பதிலைப் படித்ததும் நானே போன் செய்தேன். வெள்ளிக்கிழமை மூன்றாம் பீரியட் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.