அரிசிக்குத் தடை போட்டுவிட்டு விடுதலைத் திருநாளா?

கரிசல்காட்டான்:
எகிப்தில் அடிமைப்பட்டிருந்த தங்கள் முன்னோர் விடுதலை பெற்றதை நினைத்து யூதர்கள் கொண்டாடும் பஸ்கா "உலகத்துக்கே விடுதலை கற்றுக்கொடுத்த பண்டிகை" என்று நெய்தல்நாடன் நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இஸ்ரேலில் 7 நாள், வெளியே 8 நாள் புளித்த ரொட்டியைத் தொடக்கூடாது. வீட்டில் ஒரு துணுக்குகூட இருக்கக்கூடாது. புளிப்பில்லாத அப்பம் சுடுவதானாலும், மாவில் தண்ணீர் பட்டால் புளிக்கும் முன் 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும். போதாததற்கு அரிசிக்கும் தடை! எகிப்தில் பார்வோன் என்ற ஒரு மன்னனிடம் தப்பி வந்து, அடுப்படியில் இன்னொரு பார்வோனை உட்கார வைத்திருக்கிறார்கள்.

நெய்தல்நாடன்:
அரிசிக்குத் தடை என்று உங்களுக்கு யார் சொன்னது? விலக்கப்பட்டது கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களின் புளித்த மாவு. அரிசி அந்த ஐந்தில் இல்லை. அரிசியை விலக்குவது ஐரோப்பாவில் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்கள் பிற்காலத்தில் வைத்துக்கொண்ட வழக்கம். ஸ்பெயின் வழிவந்த செஃபார்டி யூதர்களின் வீடுகள் பலவற்றில் அரிசியைத் தட்டில் பரப்பி, கோதுமை மணி ஏதும் கலந்திருக்கிறதா என்று மூன்று தடவை பொறுக்கிப் பார்த்துவிட்டு, பஸ்காவுக்கே சோறு வடிக்கிறார்கள்.

விதி என்றாலே விலங்கு என்கிறீர்கள். அன்றிரவு பரம ஏழையும் சாய்ந்து அமர்ந்துதான் உண்ண வேண்டும், அவனுக்கு நான்கு கிண்ணம் திராட்சை ரசத்துக்குக் குறையக்கூடாது, தர்மப் பணத்திலிருந்தாவது கொடுக்க வேண்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. சாய்ந்து சாப்பிடுவது அந்தக் காலத்தில் எஜமானர்களின் வழக்கம். கையேந்துகிறவனை ஒரு ராத்திரி எஜமானாக உட்கார வைப்பதும் இந்த விதிதான் ஐயா.

கரிசல்காட்டான்:
அஷ்கெனாசிகள் யூதர்கள் இல்லையா? அரிசியும் பருப்பும் சாப்பிடலாம் என்று யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2015-இல் தீர்மானம் போட்டதே, தடையே இல்லாததற்கு எதற்கு அனுமதி? பதில் சொல்லுங்கள்.

மேகலை:
அரிசியை விடுங்கள். இஸ்ரேலில் பஸ்கா நாட்களில் மருத்துவமனை வாசலில் பையைத் திறந்து ரொட்டி தேடினார்கள். அதற்கு அதிகாரம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி, தடை விதிக்கும் உரிமையை மருத்துவமனை நிர்வாகத்துக்கே கொடுத்துவிட்டது. உள்ளே படுத்திருப்பவர் முஸ்லிமாகவும் இருக்கலாம், கடவுள் நம்பிக்கை இல்லாத யூதராகவும் இருக்கலாம். தானாக எடுத்த விரதத்தை மதிக்கிறேன். நோயாளியின் பையைத் துழாவும் கையை எப்படி மதிப்பது?

நெய்தல்நாடன்:
மேகலை, அது அரசாங்கம் போட்ட சட்டம். நான் பேசுவது நோன்பைப் பற்றி. கரிசலுக்கு மறுபடியும் சொல்கிறேன், அரிசி வழக்கம்தான், கட்டளை அல்ல. வழக்கம் என்பதால்தான் ஒரு குழு கூடி அதைத் தளர்த்த முடிந்தது.

1944-இல் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் பஸ்கா வந்தபோது ரொட்டியை விட்டால் பட்டினிதான். உயிர் பிழைக்க அதை உண்ணலாம் என்று ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், முடிவு செய்து, உண்ணும் முன் சொல்ல ஒரு ஜெபமும் எழுதினார்கள். உம் கட்டளைப்படி புளித்ததை விலக்கவே விரும்புகிறோம், எங்கள் அடிமைத்தனம் தடுக்கிறது, எங்களை மீட்டருளும் என்பது அதன் சாரம். அவர்களுக்கு எது அடிமைத்தனமாகப் பட்டது? விதியா, விதியைக் காக்க விடாத முள்வேலியா?

கரிசல்காட்டான்:
முகாமைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள். ரமலான் நோன்புத் திரியிலும் உங்களுக்கு இதே வேலைதான். அந்த ரபிகள் விதியைத் தள்ளிவைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அது என் கட்சிக்குச் சாட்சி. அரிசிக்கு வாருங்கள்.

பாளையங்கோட்டை வாத்தியார்:
கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழனன்று பெசஹா அப்பத்தை அரிசிமாவும் உளுந்தும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். அரிசி ஆகாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

கரிசல்காட்டான்:
வாத்தியாரே, அது கிறிஸ்தவர்கள் வீட்டு அப்பம். இங்கே யூதர்களைப் பற்றிப் பேசுகிறோம். திரியைப் படிக்காமல் குதிக்காதீர்கள்.

பாளையங்கோட்டை வாத்தியார்:
படித்துவிட்டுத்தான் வந்தேன். வயதில் மூத்தவனிடம் பேசும் முறையா இது?

மேகலை:
மருத்துவமனைக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நெய்தல்நாடன்:
சொல்லியாயிற்று. அரசு வேறு, நோன்பு வேறு. பார்வோனிடம் மோசே கேட்டது "எங்களைப் போகவிடு" என்பதோடு நிற்கவில்லை, கடவுளுக்கு ஆராதனை செய்யப் போகவிடு என்றுதான் கேட்டார். பின்பாதியை வெட்டிவிட்டு, இந்தக் கதையைச் சொல்லும் வேதநூலான யாத்திராகமத்தைப் படிக்கிறவர்களிடம் எத்தனை தடவை சொல்வது? கரிசல், அந்த ஐந்து தானியங்களில் அரிசி எங்கே இருக்கிறது? காட்டுங்கள்.

கரிசல்காட்டான்:
வழக்கத்தை விடாத ஓர் அஷ்கெனாசி வீட்டில் பஸ்காவன்று ஒரு கிண்ணம் சோறு கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் வந்து எழுதுங்கள்.

நெய்தல்நாடன்:
பக்கத்து செஃபார்டி வீட்டில் கேளுங்கள், கிடைக்கும். ஐந்தில் அரிசி எங்கே? அதற்கு முதலில் பதில் வரட்டும்.