இதயம் நின்று மீண்ட மாமாவை அடுத்து எங்கே சேர்ப்பது?

வணக்கம். திருச்சி பக்கம் இருக்கிறோம். மாமாவுக்கு 58 வயது. போன மாதம் பேருந்து நிலையத்தில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்தில் இருந்த கண்டக்டர் ஒருவர் விடாமல் நெஞ்சை அழுத்தியிருக்கிறார். அவர் புண்ணியத்தில்தான் உயிர் இருக்கிறது. 108-ல் கொண்டுபோய் ஷாக் கொடுத்து, ஆஞ்சியோ பார்த்து, ஸ்டென்ட் வைத்தாயிற்று. இதயம் இப்போது பரவாயில்லை.

மூளைக்குக் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் போகாததுதான் பிரச்சினை. அத்தையை அடையாளம் தெரிகிறது, ஆனால் காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில்லை. கஞ்சி புரையேறுகிறது. சும்மா இருக்கும்போது கை அமைதியாக இருக்கிறது. டம்ளரை எடுக்கப் போனால் வெட்டி இழுத்து, தண்ணீரெல்லாம் சட்டையில். ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கு வரும் ஒருவகை வெட்டு இது என்று சொல்லி நரம்பியல் டாக்டர் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்.

இந்த நிலையில் டிஸ்சார்ஜ் என்கிறார்கள். வீட்டில் பிசியோ மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. விழுங்கும் பயிற்சி, ஞாபகப் பயிற்சி, கைவேலைப் பயிற்சி, இதய டாக்டர் எல்லாம் ஒரே இடத்தில் தங்கிப் பார்க்கும்படி வேண்டும்.

வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் யாராவது சேர்த்திருக்கிறீர்களா? இடம் கிடைக்க எவ்வளவு நாள் ஆகும்? கூட ஒருவர் தங்கலாமா? முதல்வர் காப்பீட்டு அட்டை இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா? மதுரை, சென்னையில் வேறு நல்ல இடம் இருந்தாலும் சொல்லுங்கள். பரிகாரம், மூலிகை மட்டும் வேண்டாம், அதை அத்தை ஏற்கனவே பார்த்துக்கொள்கிறார்.